கால் போன பிறகு வரும் ஐந்து லட்சம்



போன மாதம் பொன்னேரியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்த இடத்தில், என்னைப் போலவே ஓய்வு பெற்ற பழைய நண்பர் ஒருவர், வங்கியில் இருந்தவர், பேச்சை ஆரம்பித்தார்.

"பழவேற்காட்டு ஜனங்களுக்கு இனிமே என்ன குறை வாத்தியாரே? குடும்பத்துக்கு அஞ்சு லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் அட்டை. நாமதான் காசு கட்டி வாங்கறோம். அவங்களுக்குச் சும்மா கெடைக்குது. இதுக்கு மேல என்ன கேக்கறாங்க?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். கல்யாண வீட்டில் சண்டை எதற்கு என்று நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இருக்கிறான். வயது நாற்பத்தெட்டு. ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் படகு வரைந்துகொண்டிருப்பான். எட்டாவதோடு நின்று அப்பாவின் வலைக்குப் போய்விட்டான். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், இடுப்பளவுத் தண்ணீரில் வலையை இழுக்கும்போது காலில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. ஏரியில் இறங்குகிறவனுக்கு இது புதிதல்ல. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டினான்.

மறுநாள் அவனுடைய பாடு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நம் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். நம் முறை வரும் நாளில் போகாவிட்டால், அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இறால் ஓடும் காலம். அந்த மாதங்களில் ஒரு பாட்டை விடுவது என்றால், ஒரு சம்பளத்தை விடுவது மாதிரி. அதனால் அவன் காயத்தோடு தண்ணீரில் இறங்கினான். மூன்று நாள் இறங்கினான்.

நான்காம் நாள் காய்ச்சல். மருந்துக் கடையில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஏழாம் நாள் பாதம் வீங்கிக் கறுத்துவிட்டது. அப்புறம்தான் மருத்துவமனை. அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

அறுவை சிகிச்சைக்கு அவனுக்குச் செலவில்லை. அட்டை இருந்தது. அட்டை தன் வேலையைச் செய்தது. அதை நான் மறைக்கவில்லை.

பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் எழுந்து உட்கார முயன்றான். "படுடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "காலை எடுக்கறதுக்குத் துட்டு இருந்துச்சி சார். வச்சிக்கறதுக்குத்தான் இல்ல."

வங்கி நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

அந்தக் காலைக் காப்பாற்ற என்ன தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு முன்பே ஒரு சர்க்கரைப் பரிசோதனை. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். கண்டுபிடித்திருந்தால் தினமும் மாத்திரை. அதை அரசு இலவசமாகத் தருகிறது. முள் குத்திய அன்று சாயங்காலம் காயத்தைச் சுத்தம் செய்து கட்ட ஒரு செவிலியர், ஒரு தடுப்பூசி. நான்கு நாள் தண்ணீரில் இறங்காமல் இருக்க, வீட்டில் அரிசிக்கு வழி. எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம் ரூபாய்தான். காப்பீட்டு அட்டையில் இது எதற்கும் இடமில்லை. படுக்கையில் சேர்ந்தால்தான், அதிலும் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அட்டை பணம் தரும். வெளிநோயாளியாகச் சீட்டு வாங்கிப் பார்க்கிற வைத்தியத்துக்கு அது உதவாது. அதாவது நோய் பெரிதாக வளர்ந்து, வெட்டுகிற நிலைக்கு வந்த பிறகுதான் ஐந்து லட்சம் வாசலுக்கு வரும்.

"சுகாதார நிலையம் இருக்கிறதே, போக வேண்டியதுதானே?" என்பீர்கள். சீட்டு கொடுப்பது காலையில். காலையில் அவன் ஏரியில். அவன் கரைக்கு வந்து, மீனை ஏலத்தில் போட்டு, வலையை உதறிக் காய வைத்து நிமிரும்போது மருத்துவர் பார்க்கும் நேரம் முடிந்திருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு விதித்த நேரப்படி அவர்கள் இருக்கிறார்கள். நேரத்தை விதித்தவர்களுக்கு மீன் பிடிக்கிறவன் எந்த நேரத்தில் கரையில் இருப்பான் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட் 5ல் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம். வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருவில் எத்தனையோ பெண்களுக்கு அதனால்தான் நோய் தெரிந்தது. என் மாணவன் வீட்டுக்கும் வந்தார்கள். அவன் மனைவிக்குப் பார்த்தார்கள். அவன் அப்போது தண்ணீரில்.

இனி அட்டையின் கதை.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். 2012 ஜனவரியில் ஜெயலலிதா அம்மையார் அதை மாற்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆக்கினார். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தது. இரண்டையும் இணைத்து ஐந்து லட்சம் ஆக்கினார்கள். 2022 ஜனவரியில் அப்போதைய முதல்வர் திட்டத்தை மேலும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்து, ஆண்டு வருமான வரம்பை 72,000லிருந்து 1,20,000 ஆக உயர்த்தினார். ஒவ்வொருவரும் முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான் செய்திருக்கிறார்கள். அட்டையின் படம் மாறினாலும் அட்டை நிற்கிறது. 2009க்கு முன்னால் இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு நம் குப்பங்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்று அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆகவே அட்டையை எடுத்துவிடுங்கள் என்று எவனாவது சொன்னால், முதல் ஆளாக அவனோடு சண்டைக்குப் போவேன்.

என் சண்டை வேறு. அட்டையைக் காட்டி, மருத்துவம் கொடுத்தாகிவிட்டது என்று கணக்கை மூடுகிறார்களே, அதோடுதான்.

அட்டையை எடுத்துக்கொண்டாலும், அது கைக்கு வருவது எப்படி என்று பாருங்கள். வருமானச் சான்று வேண்டும். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. அப்பா ஏரியில், மகன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தால், அந்த வீட்டில் வரம்பு தாண்டிவிடும். மகன் சம்பளம் வங்கியில் ஏறுவதால் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பாவுக்கு மூன்று மாதமாக முகத்துவாரம் அடைத்துக்கொண்டு மீன் வராமல் இருந்தது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. உண்மையைச் சொன்னால் அட்டை இல்லை. பொய் சொன்னால் உண்டு. ஒரு அரசாங்கம் ஏழையை இப்படிச் சோதிக்கலாமா?

சான்று கிடைத்த பிறகு குடும்பத்தோடு போய்க் கைரேகை வைக்க வேண்டும். முகாம் நடந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையம். பழவேற்காட்டிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய் வர ஒரு நாள் முழுக்க வேண்டும். ஒரு நாள் தொழில் போகும். நோய் வந்த பிறகுதான் பலரும் அட்டைக்கு ஓடுகிறார்கள். "முன்னாடியே எடுத்து வைக்கக் கூடாதா?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். இருளர் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்களே, அவர்களில் பலரிடம் சான்று வாங்கவே சான்று கிடையாது. அவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

2024 அக்டோபர் 29ல் மத்திய அரசு, 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானமே பார்க்காமல் ஐந்து லட்சம் என்று ஆரம்பித்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் எழுபது வயதுக்காரனிடம் வருமானம் கேட்காமல் இருக்க முடியும் என்றால், ஐம்பது வயது மீனவனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? பன்னிரண்டு வயதிலிருந்து உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் நின்ற உடம்புக்கு ஐம்பதிலேயே எழுபது ஆகிவிடுகிறது. நம் குப்பங்களில் எழுபதைத் தாண்டிய ஆண்களை விரல் விட்டு எண்ணுங்கள். நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விபத்துக் காப்பீடு என்று இன்னொன்று இருக்கிறது. மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில், மீனவர் விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000. என் மாணவனுக்கு அது கிடைக்குமா என்று படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவரிடம் விசாரித்தோம். "முள்ளு குத்துனது விபத்து சார், கால் போனது சர்க்கரை. அது வராது" என்றார். அந்த வாய்வார்த்தையை நம்பி நானும் விட்டுவிட்டேன். எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கியிருக்க வேண்டும். அது என் தப்பு. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். எது என்றாலும் மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள், இல்லை என்பதைக்கூடக் காகிதத்தில் கேளுங்கள்.

இனி தூரத்தைப் பற்றி.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக அதைப் போல மூன்று பங்கு. வரைபடத்தில் பார்த்தால் இது ஒரு தூரமே இல்லை. ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம், மணல் திட்டில் இருக்கும் ஊர்களிலிருந்து கணக்குப் போடுங்கள். 108க்குப் போன் பண்ணினால் வண்டி கரைக்கு வரும். கரை வரைக்கும் நோயாளி எப்படி வருவார்? கார்த்திகை மாத வாடைக் காற்றில், ராத்திரி இரண்டு மணிக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷனை ஃபைபர் படகில் படுக்க வைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் டார்ச் அடிக்க, கொண்டுவந்திருக்கிறார்கள். பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பெண்ணைக் கரைப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் கொண்டுவந்து வைப்பதை என் காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். உறவு இல்லாதவள் என்ன செய்வாள்? பாலத்துக்காகத் தீவு ஜனங்கள் எத்தனை வருஷம் மனு எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மனுக்களில் சிலவற்றை நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதே ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14ல் சந்திரயான் மூன்று அங்கிருந்துதான் போனது. மொட்டை மாடியில் பேரப் பிள்ளைகளோடு நின்று பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ராக்கெட் விடும் நாளில் நம் ஆட்களைக் கடலுக்குப் போகாதே என்று சொல்வார்கள், அவர்களும் போகாமல் இருப்பார்கள். நாட்டுக்காக ஒரு நாள் தொழிலை விடுகிறவனுக்கு, நாடு ஒரு ஆம்புலன்ஸ் படகு விடக் கூடாதா?

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கேரள மீன்வளத் துறை 2020ல் மூன்று கடல் ஆம்புலன்ஸ் படகுகளை இறக்கியது. பிரதீக்ஷா, பிரத்யாசா, காருண்யா என்று பெயர். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை. அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா ஆற்றின் மணல் தீவுகளுக்கு 2005லிருந்தே படகு மருத்துவமனைகள் போகின்றன. மருத்துவர், செவிலியர், பரிசோதனை வசதி, மருந்து, எல்லாம் படகிலேயே. தீவுக்காரன் வர மாட்டான் என்று குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவமனை மிதந்து போகிறது. பிரம்மபுத்திராவில் முடிவது பழவேற்காட்டு ஏரியில் முடியாதா? நம் ஏரியில் அந்த வெள்ளமும் இல்லை, அந்த ஆழமும் இல்லை.

இன்னொன்று. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன, எந்த ஊர் என்று எதுவும் கேட்காமல் முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை. மனசாரப் பாராட்டுகிறேன். இப்படித்தான் இருக்க வேண்டும் மருத்துவம். ஆனால் அது சாலைக்கு மட்டும். பொன்னேரி சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் 48 மணி நேரம் உண்டு. ஏரியில் படகிலிருந்து விழுந்தால், இன்ஜின் விசிறியில் கை சிக்கினால், திருக்கை வால் முள் தொடையில் இறங்கினால் இல்லை. மீனவனுக்குச் சாலை எது? தண்ணீர்தானே அவன் சாலை?

அரசாங்கத்தின் சொந்த விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. நாடு முழுக்க ஆரம்ப சுகாதார நிலையம் வைக்க ஒரு கணக்கு உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று. மலை, பழங்குடிப் பகுதி, போக்குவரத்துக்குக் கடினமான பகுதி என்றால் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, கடினப் பகுதியில் 3,000 பேருக்கு. மலை ஏற நேரம் ஆகும் என்பதால் வைத்த விதி. நியாயமானது. ஏரியைக் கடக்கவும் நேரம் ஆகும் அல்லவா? படகு கிடைக்காத ராத்திரியில் மலைப்பாதையாவது நடக்கலாம், தண்ணீரில் நடக்க முடியாது. மலைக்குக் கொடுக்கிற கணக்கை எங்கள் ஏரிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஏரி ஊர்களைக் கடினப் பகுதி என்று ஒரு கோப்பில் எழுதினால் போதும்.

நண்பர் சொன்ன மற்ற விஷயங்களுக்கும் வருகிறேன்.

"அவங்களுக்குச் சும்மா கெடைக்குது" என்றார். சும்மா இல்லை. 2022ல் திட்டத்தை நீட்டித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்று அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்ட ஏற்பாடானது. அது யார் பணம்? டீசல் வாங்கும்போது, வலை வாங்கும்போது, சோப்பு வாங்கும்போது மீனவனும் வரி கட்டுகிறான். என் பென்ஷனில் மாதம் 497 ரூபாய் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 5,964. எனக்கும் ஐந்து லட்சம்தான். ஆனால் எனக்கு மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி தனியாக வருகிறது. நோய் வந்தால் பத்து நாள் படுத்துக்கொள்ளலாம், ஒன்றாம் தேதி பென்ஷன் வந்துவிடும். தறி ஓட்டும் ஆலைத் தொழிலாளிக்கு 1948லேயே ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நோயில் படுத்த நாட்களுக்கும் அதில் பணம் உண்டு. ஏரியில் இறங்குகிறவனுக்கு முதலாளி இல்லை. அதனால் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. படுத்தால் அடுப்பு அணைந்தது.

என் மாணவன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது இன்ஜினை அடகு வைத்திருந்தான். எதற்கு? கூட இருந்த மனைவியின் சாப்பாடு, பேருந்து, ஆட்டோ, வெளியே எழுதிக் கொடுத்த பரிசோதனைகள், நாற்பது நாள் தொழில் இல்லாதது. அட்டையில் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் சிகிச்சை பெற்றவன் கதை இது.

"குடிச்சே கெட்டுப் போறாங்க" என்றும் பந்தியில் ஒருவர் சொன்னார். குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்கு வந்திருந்த நம்மவர்களில் எத்தனை பேர் குடிப்பவர்கள் என்று நமக்குத் தெரியாதா? அவர்களுக்கு மாரடைப்பு வந்தால் சென்னையில் குளிர்சாதன அறை. மீனவனுக்கு வந்தால் உபதேசமா? நோயாளியிடம் நடத்தைச் சான்று கேட்டு எந்த மருத்துவரும் ஊசி போடுவதில்லை. நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

"எல்லாருக்கும் கொடுத்தா பணம் எங்கேருந்து வரும்?" இதுதான் படித்தவர்களின் கேள்வி. 1946ல், சுதந்திரத்துக்கு முன்பே, போர் கமிட்டி என்று ஒரு குழு அறிக்கை கொடுத்தது. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. எண்பது வருஷம் ஆகிறது. 2017ல் தேசிய சுகாதாரக் கொள்கையில், நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டரை சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், 2025க்குள் அதை எட்ட வேண்டும் என்று எழுதினார்கள். 2025 வந்தது, இரண்டரை சதவீதம் வரவில்லை. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். எத்தனை சண்டை, எத்தனை நெருக்கடி. அப்போதும் அரசு மருத்துவமனையில் காசு கேட்காமல் பார்க்கிறார்கள். தாய்லாந்து 2002ல் எல்லோருக்குமான திட்டத்தைச் சட்டமாக்கியது. முப்பது பாட் கொடுத்தால் வைத்தியம் என்று பெயர் பெற்ற திட்டம். அது ஏன் ஜெயித்தது? அதற்கு முன்னால் பல வருஷம் கிராமப்புறங்களில் மருத்துவமனைகளைக் கட்டி, மருத்துவர்களை அங்கே அனுப்பி வைத்திருந்தார்கள். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் அட்டை. நாம் அட்டையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி எங்கே என்று தேடுகிறோம்.

பணம் இல்லை என்பது சாக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 1996ல் சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. அவசர சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பது என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ராஜஸ்தான் 2023ல் மருத்துவ உரிமைக்கு ஒரு சட்டமே போட்டது. சுகாதாரத்தில் முன்னோடி என்று பெயர் வாங்கிய தமிழ்நாடு அதில் பின்னால் நிற்கலாமா?

நான் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மீனவக் குப்பங்களில் குடும்ப அட்டை இருந்தாலே காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று வேண்டாம். குடும்ப அட்டையும் இல்லாத இருளர் குடும்பங்களுக்கு அதிகாரிகளே தேடிப் போய்ப் பதிய வேண்டும். ஏரி ஊர்களைக் கடினப் பகுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாயங்காலம் வெளிநோயாளிப் பிரிவு வேண்டும். 2023ல் நகரங்களில் திறந்த நலவாழ்வு மையங்கள் மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை நடக்கின்றனவே, அதே நேரம் எங்களுக்கும் வேண்டும். ஒரு ஆம்புலன்ஸ் படகு. 48 மணி நேரத் திட்டம் ஏரிக்கும் கடலுக்கும். கடைசியாக, தொழில் போன நாட்களுக்கு ஒரு படி. பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் உதவி தருகிற அரசுக்கு, காலில் கட்டோடு கரையில் இருப்பவனுக்கு நான்கு நாள் அரிசிக் காசு கொடுப்பது பெரிய விஷயம் இல்லை.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பஞ்சாயத்து வரி போடுகிறது, ஒரு வீடு தவறாமல் கட்டுகிறது. அந்தக் கட்டுப்பாடு நமக்கு இருக்கிறது. அதே ஊர்க் கூட்டத்தில், காயத்தோடு இருப்பவனுடைய பாடு வீணாகாமல் வேறு ஒருவர் கட்டி, வரும் பங்கில் பாதியை அவன் வீட்டுக்குக் கொடுப்பது என்று ஒரு தீர்மானம் போட முடியாதா? இதற்கு எந்த அரசாங்கத்தையும் கேட்க வேண்டியதில்லை. நாற்பது வயது தாண்டிய ஒவ்வொரு ஆணும் வருஷத்தில் ஒரு நாள் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் ஊர் கேட்காதா? வீட்டுப் பெண்கள் சொல்லியே அலுத்துவிட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. பெரும்பாலும் கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நம் வயதுக்காரர்கள் நேரத்தோடு போய் முன் வரிசையில் உட்காருவோம். நமக்கு இனிமேல் யார் பயம்? மேலே சொன்னவற்றில் கடினப் பகுதி, சாயங்கால மருத்துவர், ஆம்புலன்ஸ் படகு, இந்த மூன்றை மட்டும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்போம். எழுதிய பிறகே கையெழுத்து. தீர்மானத்தின் நகலும் வாங்கிக்கொள்வோம். வாசகம் எழுதத் தெரியவில்லை என்பவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை, மூன்று வரி எழுதிக் கொடுக்கும்.

என் மாணவனுக்கு இப்போது செயற்கைக் கால். தண்ணீரில் இறங்க முடியாது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை தைத்துக் கொடுக்கிறான். அவன் மனைவி கூடை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் பேருந்து ஏறுகிறாள். போன வாரம் அந்தப் பக்கம் நடந்துபோனபோது அவனுடைய மகன் அப்பாவின் பாட்டுக்குப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது, வெறும் கால். "செருப்பாவது போட்டுக்கிட்டு எறங்குடா" என்றேன். "சேத்துல செருப்பு எங்க சார் நிக்கும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

வங்கி நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை பழவேற்காட்டுக்கு நண்டு வாங்க வரும்போது என்னிடம் சொல்லுங்கள். அவன் வலை தைக்கிற இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் கேள்வியை அவனிடமே கேளுங்கள்.